கிழியக் கூடாத சட்டை

பயூமிக்கு உட்காரத் தெரியாது. கெய்ரோவின் படப்பிடிப்புத் தளங்களில் இருபத்தாறு ஆண்டுகளாக நடிகர்களுக்கு உடை தைத்து மாட்டிவிடும் வேலை பார்த்த அந்த மனிதரை நாற்காலியில் கண்டவர் எவரும் இல்லை. தேநீரை நின்றபடி குடிப்பார். ஃபூல் எனப்படும் அவித்த மொச்சையை நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வார். கை சும்மா இருக்க நேர்ந்தால், மேற்சட்டையின் இடது மடிப்பில் குத்தி வைத்திருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வலது மடிப்பில் குத்துவார். எல்லா ஊசிகளும் வலப்பக்கம் வந்து சேர்ந்ததும் திரும்ப இடப்பக்கம். அவர் மனைவி ராவியா, விருந்தினர் இருக்கும்போதுகூடக் கூச்சமில்லாமல் சொல்வாள்: "இவர் என்னிக்கு உக்காந்து சாப்பிடுறாரோ, அன்னிக்கே நான் துக்கத்துக்குக் கறுப்பு எடுத்து உடுத்திக்குவேன்."

சையிதா ஸைனப் வட்டாரத்தில் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தவரின் மூன்றாவது மகன் அவர். பட்டாளத்தில் இருந்த மூன்று ஆண்டுகளும் அதிகாரிகளின் சீருடைகளை அளவெடுத்துத் திருத்தியே கழிந்தன. வெளியே வந்ததும் ஒரு பழைய நண்பர் வழியாகச் சினிமாவுக்குள் நுழைந்தார். அங்கே மன்னர்களுக்கு அங்கி தைத்தார், நீதிபதிகளுக்குக் கறுப்பு மாட்டினார், நடனக்காரிகளின் இடுப்பு மணிகளைக் கோத்தார். இவற்றால் எல்லாம் அவருக்குப் பெயர் வரவில்லை. ஒரு சட்டை கிழிந்ததால்தான் வந்தது.

ஹிலால் அப்போது நடிகன் அல்லன். இம்பாபாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களுக்குப் பாரம் தூக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயது இளைஞன். வில்லனின் அடியாட்கள் நால்வரில் ஒருவனாக நிற்க அழைத்திருந்தார்கள். இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் கதாநாயகன்மேல் எறிய வேண்டும். அவன் அளவுக்குச் சட்டை இல்லாததால், இருந்த சட்டையின் முதுகைப் பிரித்து அவசரத்தில் ஓட்டுத்தையல் போட்டு மாட்டிவிட்டார் பயூமி. ஹிலால் பெட்டியைத் தூக்கினான். சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை டர்ரென்று கிழிந்தது. வெட்டி எறிய வேண்டிய காட்சி என்று எல்லாரும் நினைத்தார்கள். தயாரிப்பாளர் மட்டும் விட்டுவைத்தார். பெருநாளன்று படம் வெளியானபோது, அந்த இடத்தில் திரையரங்கில் எழுந்த விசில் தெருமுனைவரை கேட்டது. அடுத்த பெருநாளுக்கு ஹிலால்தான் கதாநாயகன்.

அதன் பிறகு பதினான்கு ஆண்டுகளில் பதினேழு படங்கள். பதினேழிலும் சட்டை கிழிந்தது. கிழிய வேண்டிய நேரத்தில், கிழிய வேண்டிய இடத்தில், ஒரே மூச்சில் கிழியும்படி தைப்பது பயூமியின் பொறுப்பு. முதுகின் நடுத்தையலைப் பிரித்துவிட்டு, ஒற்றை நூலில் சாணுக்கு ஆறு தையல் மட்டுமே போடுவார். ஹிலால் மூச்சை இழுத்துத் தோளை விரித்ததும் அது விட்டுக்கொடுக்கும். கை இணையும் இடத்தை வேண்டுமென்றே உயர்த்தி வெட்டுவார். அப்போதுதான் இரு கைகளும் உடம்போடு ஒட்டாமல், அக்குளில் தர்பூசணி இடுக்கியவனைப் போல விலகி நிற்கும். சட்டை கிழியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஹிலால் உப்பை நிறுத்துவான். முந்தின மதியத்திலிருந்து தண்ணீரும் இல்லை. தோல் வற்றித் தசையோடு ஒட்டும். கேமரா ஓடுவதற்கு முன் லாரியின் மறைவில் நாற்பது தண்டால் எடுத்துவிட்டு, நரம்பெல்லாம் புடைக்க ஓடிவந்து நிற்பான். மாட்டும்போது பயூமி சொல்லும் ஒரே சொல்: "மூச்சப் புடிங்க, கேப்டன்." மற்ற நடிகர்களை எல்லாம் உஸ்தாஸ் என்று மரியாதையாக அழைத்த அந்த ஊர், உடற்பயிற்சிக் கூடத்து வழக்கப்படி ஹிலாலை மட்டும் கேப்டன் என்றே அழைத்தது.

பத்திரிகைக்காரர்கள் எழுதிய ஒரு நகைச்சுவை காப்பிக்கடைகள்வரை வந்திருந்தது. ஹிலாலிடம் இரண்டே முகபாவங்கள் உண்டு. சட்டையோடு ஒன்று, சட்டை இல்லாமல் ஒன்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஹிலாலும் சிரித்தான். பயூமி மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மூன்றாவது, நான்காவது, நாற்பதாவது முகங்களை அவர் பார்த்திருந்தார். உடைமாற்றும் வண்டிக்குள், பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடங்களில், ஹிலால் யாராகவும் மாறுவான். வாடகை கேட்க வரும் வீட்டுக்காரி, விசா மறுக்கப்பட்ட மைத்துனன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்பளிக்கும் உடற்கட்டுப் போட்டி நடுவர் என்று ஒவ்வொருவராக வந்து போவார்கள். கை காலெல்லாம் இளகி, குரல் கரைந்து, கண் ஒன்று சொல்ல வாய் ஒன்று சொல்லும். பயூமி வாயில் கவ்விய ஊசிகளோடு சிரிக்க முடியாமல் தவிப்பார். வண்டியை விட்டு இறங்கிக் கேமராவின் முன்னால் போய் நின்றதும் அவன் அலமாரியாகிவிடுவான்.

"இந்த மனுஷன் நடிகன்" என்று பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் பயூமி ஒருவரே. ஆகவே, உஸ்தாஸா நிமத் ஹிலாலைக் கூப்பிட்டனுப்பியபோது, போகலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் தயங்கிய அவனைத் துரத்தி அனுப்பியவரும் பயூமிதான்.

நிமத் அறுபது வயதைத் தாண்டிய இயக்குநர். பத்து ஆண்டுகளுக்கு ஒரு படம் எடுப்பவர். சினிமாக்காரர்களில் பாதிப்பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் உஸ்தாஸா. அவருடைய கதையில், ஷுப்ராவின் தபால் நிலையம் ஒன்றில் முத்திரை குத்தும் எழுத்தர் ஒருவர், காணாமற்போன தம்பியின் உடலை அடையாளம் காட்டப் பிணவறைக்குப் போகிறார். அடிதடி இல்லை; ஓட்டம் இல்லை. அதற்கு ஏன் ஹிலால் என்று எல்லாரும் கேட்டார்கள்.

"அந்த வாசல்ல எவ்வளவு பெரிய உடம்பு போய் நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதான் எனக்கு வேணும். ஒல்லியா ஒருத்தன் நின்னு அழுதா ஜனங்க பாவம்னுவாங்க. இவன் நின்னா பயப்படுவாங்க" என்றார் உஸ்தாஸா.

பயூமியை உறவில்லாமலே சித்தப்பா என்று அழைக்கும் ஹிலால் அவரிடம் சொன்னது வேறு. "சித்தப்பா, இதுல தூக்கி எறிஞ்சாங்கன்னா இனிமே யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். செத்தாலும் சட்டையக் கிழிச்சிக்கிட்டேதான் சாவேன்."

திங்கட்கிழமை காலை, அப்பாசியாவில் ஆள் நடமாட்டமற்ற ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில் முதல் காட்சி வைக்கப்பட்டது. உஸ்தாஸாவுக்கு அது ஒரு பழக்கம். படத்தின் மிகக் கடினமான காட்சியை முதல் நாளே எடுப்பார். வெள்ளைத் துணி போர்த்திய மேசை. அதன்மேல் தம்பியாகப் படுத்திருந்த ஒரு துணைநடிகன். ஹிலால் உள்ளே வந்தான். துணியை விலக்கினான். தம்பியின்மேல் குனிந்தான்.

டர்ரென்று சட்டை கிழிந்தது, கழுத்திலிருந்து இடுப்புவரை.

முதலில் பிணம் சிரித்தது. அதன் வயிறு குலுங்குவதைப் பார்த்து விளக்குக்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து மற்ற எல்லாரும். யாரோ பின்னாலிருந்து பெருநாள் விசிலும் அடித்தார்கள். ஹிலால் குனிந்தபடியே நின்றான். முதுகு முழுவதும் வெளியே தெரிந்தது.

"யார் தச்சது?" என்றார் உஸ்தாஸா.

பயூமி முன்னால் வந்தார். "நான்தான், உஸ்தாஸா."

"எதுக்கு இப்படி?"

எதற்காகவும் இல்லை என்பதுதான் உண்மை. எழுத்தர் சட்டை, சாம்பல் நிறம், அரைக்கை. சனிக்கிழமை இரவு அவர் கை தானாகவே முதுகைப் பிரித்து, ஒற்றை நூல் கோத்து, சாணுக்கு ஆறு தையல் போட்டுவிட்டது. ஹிலாலின் சட்டை என்றால் அதற்கு வேறு தையல் தெரியாது.

"அழற சீன் இது. குத்துச்சண்ட ரிங் இல்ல" என்றார் உஸ்தாஸா, குரலை உயர்த்தாமல். "வேற சட்ட குடுங்க."

வேறு சட்டை வந்தது, அது கிழியவில்லை. கிழியாத சட்டைக்குள் நின்றது அலமாரி. வயிறு உள்ளே, மார்பு வெளியே, கைகள் விலகி. தம்பியின் முகத்தைப் பார்த்து அவன் தாடையை இறுக்கிய விதம், அடுத்த நொடியில் எழுந்து பழிவாங்கப் போகிறவனுடையது. பதினொரு முறை எடுத்தார்கள். பன்னிரண்டாம் முறை உஸ்தாஸா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வியாழக்கிழம மத்தியானம் வரைக்கும் பாப்பேன். இந்த ஒரு ஷாட் வரலேன்னா லபீப் பண்ணுவான். மத்த சீன அதுவரைக்கும் எடுத்துக்கலாம்." தயாரிப்பு நிர்வாகி ஷவ்கியிடம் அதைச் சொல்லிவிட்டு, ஹிலாலைத் தாண்டி நடந்தார். லபீப் என்றால் யார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்: நாடக மேடையில் பெயரெடுத்த ஒல்லியான நடிகர்.

அன்று மாலை பயூமி வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். ராவியா கீரை அரிந்துகொண்டிருந்தாள்.

"தரை தேயுது. என்னதான் ஆச்சு?"

"அவன நான் கெடுத்துட்டேன்."

"ஒரு சட்ட கிழிஞ்சதுக்கா?"

"ஒண்ணா? பதினாலு வருஷமா நான்தான் அவனுக்குக் கை விலகி நிக்கற மாதிரி வெட்டினேன். நான்தான் மூச்சப் புடி மூச்சப் புடின்னேன். இப்ப அவன் தம்பி செத்துக் கெடக்கறான், இவன் மூச்சப் புடிச்சிட்டு நிக்கறான். எல்லாரும் அவனப் பாத்துச் சிரிக்கறாங்க. என்னப் பாத்துல்ல சிரிக்கணும்?"

ராவியா கத்தியை வைத்தாள். "அப்ப போய்ச் சொல்லுங்க, மூச்ச விடச் சொல்லி."

"சொன்னா வந்துடுமா? நீ ஒருத்தி." மறுபடி நடந்தார். குண்டூசிகள் இடமும் வலமுமாக அலைந்தன.

செவ்வாயன்று நடந்தது அதைவிட மோசம். கட்டடத்தின் பின்புறம் லாரி நிறுத்தியிருந்த இடத்தில் தடதடவென்று சத்தம் கேட்டுப் பயூமி எட்டிப் பார்த்தார். ஹிலால் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

"கேப்டன்! என்ன பண்றீங்க?"

"முப்பத்தாறு, முப்பத்தேழு... பயமா இருந்துச்சு, சித்தப்பா. எனக்குத் தெரிஞ்சது இதான்."

"தண்ணி குடிச்சீங்களா?"

"நேத்து மத்தியானத்திலேர்ந்து இல்ல."

"உப்பு?"

ஹிலால் இல்லை என்று தலையை ஆட்டினான். பயூமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அழற சீனுக்கு எவனாவது தண்ணிய நிறுத்துவானா? கண்ணுல எங்கேர்ந்து வரும்? சுவத்தப் புழிஞ்சாலாவது ரெண்டு சொட்டு வரும், இன்னிக்கு உங்கள்ட்ட வராது!"

வரவில்லை. ஒப்பனைக்காரர் கண்ணுக்குக் கீழே மெந்தால் தடவினார். கண் சிவந்ததே தவிர நனையவில்லை. நெற்றி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. புதுச் சட்டையின் மேற்பொத்தான் தெறித்துப் போய் மேசையில் கிடந்த தம்பியின் நெற்றியில் விழுந்தது.

உஸ்தாஸா அருகில் வந்து, அவனுடைய மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "உன் தம்பி செத்துட்டான். இவ்வளவு தயாரா வந்திருக்கியே, யார அடிக்கப் போற?"

அன்றைய படப்பிடிப்பு அத்தோடு கலைந்தது.

புதன்கிழமை காலை ஷவ்கி, எழுத்தர் சட்டைகளில் ஒன்றையும் கால்சட்டையையும் பயூமியின் மேசைமேல் வைத்தார். "உஸ்தாஸா சொல்லிட்டாங்க. லபீப் பத்து மணிக்கு வர்றார். அவர் அளவுக்கு எடுத்துக் கொடுத்துடுங்க."

"வியாழக்கிழம மத்தியானம்னு சொன்னாங்களே?"

"சொன்னாங்க. வியாழக்கிழம மத்தியானத்துக்கு மேல தையக்காரனத் தேடிக்கிட்டா இருப்பேன்? என்ன ஏன் மொறைக்கறீங்க? நானா தம்பியக் கொன்னேன்?"

லபீப் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லிய, இனிய மனிதர், வந்ததும் பயூமியின் கையைப் பற்றி நலம் கேட்டார். சட்டையை மாட்டியதும் அது அவர்மேல் கொடியில் காயும் துணி போல் தொங்கியது. அதற்குள்ளிருந்து இரண்டு கைகள் தொங்கின. பயூமி அந்தக் கைகளைப் பார்த்தார். அவை எந்த முயற்சியும் இல்லாமல், தோளிலிருந்து நேராக, எதையும் தடுக்க முடியாத கைகளாகத் தொங்கின. எழுத்தர் அப்படியே எதிரில் நின்றார்.

"நல்லா நிக்கறீங்க" என்றார், வேறு வழியில்லாமல்.

"நாடகத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மொத பாடமே சும்மா நிக்கறதுதான். மூணு மாசம் அதையே பண்ண வச்சாங்க. அவருக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"எவருக்கு?"

"ஹிலாலுக்கு."

பயூமி விலாப்பக்கத்தில் துணியைச் சேர்த்துப் பிடித்து முதல் ஊசியைக் குத்தினார். லபீப் மூச்சை இழுத்துக்கொண்டார். தோள் உயர்ந்தது, கை விறைத்தது. இரண்டாவது ஊசிக்கு இன்னும் விறைத்தது.

"குத்திடாதீங்க. பழக்கமில்லாத கை பட்டாலே எனக்கு உடம்பு கல்லாயிடும்."

பயூமி மூன்றாவது ஊசியை எடுத்தார். அது பாதி வழியில் நின்றது. நாடகக்காரரே கல்லாகிறார். எல்லாருமே ஆகிறார்கள், இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கை பட்டு விறைக்காத நடிகர் எத்தனை பேர்? ஹிலால் மட்டும் அவர் கை பட்டதும் இளகுகிறான். கேமராவுக்கு முன்னால் அலமாரி, பொத்தான் போடும்போது மனிதன். பதினான்கு ஆண்டுகளாக நாள்தோறும் பார்த்த ஒன்று, அந்தக் காலை வேளையில்தான் அவருக்குச் செய்தியாக வந்து சேர்ந்தது.

உஸ்தாஸாவின் அறை வாசலை மூன்று முறை கடந்து போனார். நான்காம் முறை உள்ளேயிருந்து குரல் வந்தது. "பயூமி, ஒண்ணு உள்ள வாங்க, இல்ல ஓடிப் போங்க. உங்க நிழல் என் காகிதத்து மேல போயிட்டுப் போயிட்டு வருது."

உள்ளே போனார். "உஸ்தாஸா, எங்கப்பா தவறினப்ப ஆஸ்பத்திரியில உள்ள விடறதுக்கு முன்னால எனக்கு ஒரு வெள்ளக் கோட்டு மாட்டிவிட்டாங்க. அங்க வேல பாக்கற ஒருத்தர் மாட்டிவிட்டார்."

"சரி."

"எழுத்தருக்கும் அப்படி மாட்டிவிடலாமே. உள்ள நொழையறதுக்கு முன்னால."

உஸ்தாஸா கண்ணாடியைக் கழற்றினார். "காஸ்ட்யூமர் எனக்கு டைரக்ஷன் சொல்லித் தர்றாரா?"

"இல்ல, உஸ்தாஸா. நான் சட்டையப் பத்தி மட்டும்தான் பேசறேன். கேப்டனுக்குத் துணி மாட்டும்போது அவர் வேற ஆளு. நீங்க பாத்ததில்ல. யாருமே பாத்ததில்ல. மாட்டி முடிச்சதுக்கப்புறம்தான் நீங்க எல்லாரும் பாக்கறீங்க."

உஸ்தாஸா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: "கோட்ட யார் மாட்டுவா? பிணவறைக்காரனா நடிக்க எங்கிட்ட ஒரு நல்ல நடிகன் இருக்கான்."

"வேற கை பட்டா நடக்காது."

"அப்ப நீங்களே வந்து மாட்டுங்க. ஒரே தடவ."

பயூமி அதை எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கழிப்பறையைத் தேடி ஓடினார். ஹிலாலிடம் போய்ச் சொன்னபோது அவன், "நீங்க நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். "இன்னிக்கு ராத்திரி நீங்க தூங்க மாட்டீங்க, சித்தப்பா. நான் தூங்கிடுவேன்." அந்தச் சூட்டோடு மூன்று தம்ளர் தண்ணீரையும் உப்பு போட்ட ஒரு தட்டு ஃபூலையும் உள்ளே தள்ளச் செய்துவிட்டுத்தான் பயூமி அவனை விட்டார்.

வியாழன் காலை பத்தரை மணி. பிணவறையின் முன்கூடம். பயூமிக்கு நீலச் சீருடை. கோட்டை மாட்டிவிட்டு, துக்கத்தில் இருப்பவரிடம் எல்லாரும் சொல்வதைச் சொல்ல வேண்டும்: "திடமா இருங்க." இரண்டே சொல். முந்தின மாலையிலிருந்து ராவியாவிடம் அறுபது முறை சொல்லிப் பார்த்திருந்தார்.

கேமரா ஓடியது. ஹிலால் வாசலில் வந்து நின்றான். மார்பு வெளியே, கை விலகி, அதே அலமாரி. கோட்டை விரித்து அவன் பின்னால் போனார். ஒரு கையை நுழைத்தார். மறு கையை நுழைத்தார். முன்னால் வந்து கீழ்ப்பொத்தானிலிருந்து தொடங்கினார். இரண்டாவது பொத்தானுக்கு வந்தபோது ஹிலாலின் தோள் ஓர் அங்குலம் இறங்கியது. மூன்றாவதற்குக் கை உடம்போடு வந்து ஒட்டியது. ஆனாலும் வயிறு உள்ளேயே இருந்தது. மூச்சை அவன் விடவில்லை. பயூமி நிமிர்ந்து வசனத்தைத் தேடினார். இல்லை. இரண்டு சொல்லும் எங்கோ ஓடிவிட்டன. எதிரில் கறுப்பாகக் கேமராவின் கண் மட்டும் தெரிந்தது. கை பழக்கத்தில் மேற்பொத்தானைப் போட்டது. வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாய் பழக்கத்தை விட்டு விலகியது.

"மூச்ச விடுங்க" என்றார், மெதுவாக. "விட்டுடுங்க."

ஹிலால் அவரைப் பார்த்தான். பிறகு விட்டான்.

ஒரு கட்டடம் உள்ளுக்குள் சரிவதை யாரும் அவ்வளவு அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். மார்பு இறங்கியது. யாரும் பார்த்திராத ஒரு சின்னத் தொந்தி கோட்டுக்குள் முன்னே வந்தது. கழுத்து சிறுத்தது. அவ்வளவு பெரிய உடம்பு, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத உடம்பாக நின்றது. "எந்த ரூம்?" என்று கேட்டான். அது வசனத்தில் இல்லை. தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும் எவரும் கேட்கும் குரல் அது. பயூமி கையை நீட்டிக் காட்டினார்.

அவன் உள்ளே போனான். துணியை விலக்கிப் பார்த்தான். அழவில்லை. தாடையை இறுக்கவில்லை. மேசையின் மறுமுனையில் தம்பியின் இடது பாதம் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஹிலால் அங்கே நடந்து போய்த் துணியை இழுத்து அந்தப் பாதத்தை மூடினான். குளிருக்குச் செருகுவதுபோல் ஓரத்தைக் காலுக்கடியில் செருகினான். சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். இன்னொரு முறை செருகினான். இரும்புப் பெட்டி தூக்கிய அந்தக் கைகள் துணியின் சுருக்கத்தை நீவிவிடுவதை அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"கட்" என்று சொல்ல உஸ்தாஸா எடுத்துக்கொண்ட நேரம் வழக்கத்தைவிட நீண்டது.

"பயூமி" என்றார் பிறகு. "நீங்க முழுக்கக் கேமராவையே பாத்துட்டு இருந்தீங்க. காவல் நிலையத்துல ஃபோட்டோ எடுத்த மாதிரி. உங்க மூஞ்சி எனக்கு வேணாம், கை மட்டும் வச்சிக்கறேன்." சிரிப்பு எழுந்தது, இம்முறை நல்ல சிரிப்பு. ஆனால் உஸ்தாஸா சிரிக்கவில்லை. "ஒரு ஷாட் தற்செயலா வரும். படம் தற்செயலா வராது. அடுத்தது, வெளிய வந்து பெஞ்சில உக்காந்து ஃபாரம் நெரப்பறது. கோட்டு இல்ல. பயூமி வெளிய நிக்கணும், கண்ணுல படாத தூரத்துல. அதுவும் வந்தா எனக்கு லபீப் வேணாம்."

பயூமியைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அங்கே லபீப் நின்றிருந்தார், அளவெடுத்துச் சிறுத்த எழுத்தர் சட்டையில், விலாவில் இன்னும் இரண்டு ஊசிகளோடு.

"வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு. இன்னொண்ணு எடுக்கறாங்க."

கதவுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை. பயூமி தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். பிறகு உஸ்தாஸாவின் குரல்: "மறுபடி." நடந்தார். "மறுபடி." திரும்பினார். "மறுபடி."

"நாலு" என்றார் லபீப்.

"எண்ணாதீங்க."

"நீங்க நடக்கறத எண்ணறேன்." ஐந்தாவது, ஆறாவது. ஆறாவதுக்குப் பின் "மறுபடி" வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. பயூமி நின்றார். சுவரில் கை வைத்தார். கதவு திறந்து ஷவ்கி வெளியே வந்தார், லபீபைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"உஸ்தாஸா சலாம் சொன்னாங்க. உங்கள வீணா அலைய வச்சிட்டோம்."

லபீப் மெல்லத் தலையசைத்தார். ஷவ்கி உள்ளே போனதும் பயூமியிடம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நான் பண்ணியிருந்தா இதவிட நல்லா வந்திருக்காது?"

"வந்திருக்கும்" என்றார் பயூமி. "இதுல பாதிக் கஷ்டம்கூட உங்களுக்கு இருந்திருக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவர் பண்ணிட்டார்."

அந்த நேரத்தில்தான் ஹிலால் வெளியே வந்தான். முகம் வெளுத்து, அக்குளெல்லாம் நனைந்து, கையில் பாதி நிரப்பிய படிவம். லபீபைப் பார்த்தான். லபீபின் சட்டையைப் பார்த்தான்.

"இது என்னோடதுதானே?"

"உங்களோடதுதான்" என்றார் பயூமி. "நேத்து நான்தான் சின்னதாக்கினேன்."

ஹிலால் பயூமியைப் பார்த்த பார்வையில் கோபம் வந்தது, போனது, வேறொன்று வந்தது. எழுத்தர் அவன் உடம்பை விட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினான்.

"உஸ்தாஸ், நீங்க இத எப்படிப் பண்ணியிருப்பீங்க? ஃபாரத்துல 'உறவு'ன்னு ஒரு எடம் வருது. அங்கதான் அஞ்சு தடவ மாட்டிக்கிட்டேன். இந்தாங்க, காட்டுங்க."

லபீப் படிவத்தை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தார். பேனாவைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார், இல்லாத பையைத் தடவினார், கால்சட்டையைத் தடவினார். பேனா காதுமேலேயே இருந்தது. அதை எடுத்து, 'உறவு' என்ற இடத்தில் வைத்து, எழுதாமல், பேனா எழுதுகிறதா என்று படிவத்தின் மூலையில் கிறுக்கிப் பார்த்தார். மூன்று கிறுக்கல். நன்றாகவே எழுதியது. நான்காவதும் கிறுக்கினார்.

ஹிலால் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அல்லாஹ்! இத நாளைக்குத் தபால் ஆபீஸ் சீன்ல நான் திருடிக்கலாமா?"

"திருடுங்க. நானே ஒரு தபால்காரர்கிட்டேர்ந்து திருடினதுதான்."

"இன்னொரு தடவ. மெதுவா. அந்தப் பைல தேடறதுலேர்ந்து."

லபீப் மறுபடி பையைத் தடவத் தொடங்கினார். பயூமி அதற்குள் குனிந்து அவருடைய விலாவிலிருந்த இரண்டு ஊசிகளையும் பிடுங்கிவிட்டார்.

"மன்னிச்சிக்கங்க, உஸ்தாஸ். நடிச்சிக்கிட்டே கழட்டிக் குடுத்துடுங்க. காலைல ஏழு மணிக்கு இந்தச் சட்ட வேணும், அத்தனையும் பிரிச்சாகணும்."